மொய் நோட்டில் இல்லாத மாமன்

பனியன் கம்பெனிகளில் வெட்டு மேசைக்கடியில் குவிகிற துண்டுத் துணிகளைத் திருப்பூரில் ‘கட்டிங் வேஸ்ட்’ என்பார்கள். அது எடைக்குப் போவதற்கு முன் இரண்டு கைப்பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2016ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இடது முழங்கால் வீங்கிப் பதினைந்து நாட்களாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்த ஆறு வயதுப் பையனுக்கு, கட்டிங் மாஸ்டரான அவன் தகப்பனார் அப்படித்தான் ஒரு பை நிறையத் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. நீலம் ஓர் அடுக்கு, மஞ்சள் ஓர் அடுக்கு, வெள்ளை ஓர் அடுக்கு. நான்காவது அடுக்கில் செங்கல் நிறமும் பாசிப் பச்சையும் மாறி மாறிக் கிடந்தன.

அருகில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். “அப்படியே என்ற தம்பியாட்டமே இருக்கறான். அவனுக்கும் மொளகாப் பழமும் காயும் ஒண்ணுதான்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுபோயிற்று. அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிறுவயதில் காய்ச்சலில் இறந்துபோன தம்பி ஒருவர் என்பதற்கு மேல் அந்த மாமனைப் பற்றி நாங்கள் எதுவும் அறிந்ததில்லை. அவர் எங்கள் காதுகளில் விழுந்த முதல் வேடிக்கைக் கதை அதுதான்.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையுமாகிய இருவர். மூத்தவள் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள்; இளையவள் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவள். எழுதும் கை மூத்தவளுடையது என்றாலும் இதிலுள்ளதில் பாதிக்கு மேல் இளையவள் கண்டறிந்தது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். கட்டிலில் கிடந்த பையன் இளையவளின் மகன்.

அவனுக்கு ஹீமோபீலியா. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களுள் எட்டாம் காரணி எனப்படுவது அவன் உடலில் ஏறக்குறைய இல்லை. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஐயாயிரத்தில் ஒருவருக்கு இந்த வகை வருகிறது. கையைக் கீறிக்கொண்டால் வெள்ளமாய்க் கொட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான தொல்லை உள்ளே நிகழ்வது. முழங்காலிலும் கணுக்காலிலும் முழங்கையிலும் மூட்டுக்குள் கசிகிற இரத்தம் வற்றுவதற்குள் குருத்தெலும்பை அரித்துவிடுகிறது. அதே மூட்டில் மறுபடியும் கசிகிறது.

அவன் தவழத் தொடங்கியபோது நெஞ்சிலும் முழங்கைகளிலும் நீலத் திட்டுகள் தோன்றின. அது 2011 ஜனவரி. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொன்ன மாதம். 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த் தொட்டியாகிப்போன கதையைத் தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனவே பையனின் திட்டுகளுக்கும் சாயத் தண்ணீர்தான் காரணம் என்று அக்கம்பக்கம் ஒரே குரலில் முடிவு செய்தது. நாங்களும் நம்பினோம். கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கினோம். ஒரு மருத்துவமனையில், குழந்தையை யார் அடிக்கிறார்கள் என்று தாயைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நோயின் பெயர் தெரிந்த பின்னர் காரணம் மாறியது. ‘சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்’ என்றார்கள். இளையவள் கட்டியது சொந்தத்தில் அல்ல. முறைமாப்பிள்ளை ஒருவரை மறுத்து அயலில் கட்டியவள். தவிரவும், உறவுமுறைத் திருமணத்தால் கூடுவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால்தான் தோன்றுகிற நோய்கள். ஹீமோபீலியாவுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்குத் தந்தை தருவது ஒய். எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை மாமன் மகனானாலும் மங்கோலியரானாலும் மகனைப் பொறுத்தவரை இதில் வேறுபாடு இல்லை. இதைப் புரிந்துகொண்ட அன்று இளையவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. மறுகணமே, அப்படியானால் இது முழுக்கத் தன்னிடமிருந்து வந்தது என்பதும் புரிந்தது. மாமியார் வீட்டாருக்கு அதைப் புரிந்துகொள்ள எக்ஸும் ஒய்யும் தேவைப்படவில்லை. அவர்கள் முன்பே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரபியல் ஆலோசனைக்குப் போனபோது அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். தாய்வழியில் வேறு ஆண்பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? ‘இல்லை’ என்றோம். அப்படியானால் இது புதிதாக நேர்ந்த மாற்றமாக இருக்கலாம், மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் அப்படித்தான் என்றார். அந்த ‘இல்லை’யின் மேல் எவ்வளவு நின்றுகொண்டிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாற்றம் இளையவளிடமோ பையனிடமோ புதிதாகத் தோன்றியிருந்தால் மூத்தவளுக்கும் அவளுடைய மகளுக்கும் அச்சமில்லை. அம்மா வழியாக வந்திருந்தால் மூத்தவள் அதைச் சுமப்பவளாக இருக்கச் சரிபாதி வாய்ப்பு; மகளுக்கு நான்கில் ஒன்று. ஐந்தாண்டுகள் நாங்கள் அந்த ‘இல்லை’யை நம்பி இருந்தோம். துண்டுத் துணி அடுக்கு அதைக் கலைத்துவிட்டது.

அம்மாவிடம் நேராகக் கேட்டுப் பயனில்லை என்று தெரியும். மூத்தவள் தன் படிப்புக்கு ஏற்ற இடத்திலிருந்து தொடங்கினாள்: ஒப்பாரி. அம்மிச்சி பாடியவற்றில் மாண்டவர்களின் வரலாறு இருக்கும் என்ற எண்ணம். நினைவுள்ள கிழவிகள் இருவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்தோம். மாண்டவனெல்லாம் முத்து, பவளம், தேர் ஏறிப் போனவன். எதனால் மாண்டான் என்று ஒப்பாரி சொல்வதே இல்லை. இலக்கிய மாணவிக்கு இது நியாயமான தண்டனைதான்.

வழி கண்டவள் கணக்கு எழுதுபவள். “அக்கா, மொய் நோட்டுப் பார்ப்போம்” என்றாள்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மொய் நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பத்திரம் தொலைந்தாலும் நோட்டுத் தொலையாது. எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டுமே. தாய்மாமன் சீர் தனி மரியாதையோடு அதில் இடம்பெறும். காதுகுத்துக்கு மடி, பூப்புக்குச் சேலை, திருமணத்துக்குச் சீர் என்று பெண்பிள்ளையின் வாழ்வில் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. எங்கள் இருவர் திருமண நோட்டுகளிலும், 2003லும் 2008லும், தாய்மாமன் சீர் என்ற வரிக்கு எதிரே இருந்த பெயர் அம்மாவின் சித்தப்பா மகனுடையது. இது எங்களுக்குத் தெரிந்ததே. உடன்பிறந்த தம்பிதான் இல்லையே. இளையவள் அட்டை கிழிந்த இன்னொரு நோட்டைப் பரணிலிருந்து எடுத்தாள். 1971, அம்மாவின் திருமணம். அதிலும் தாய்மாமன் சீர் வரிக்கு எதிரே ஒரு பெயர் எழுதி, பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘பெரியப்பன் மகன்’ என்று குறித்திருந்தது. அம்மிச்சிக்கும் உடன்பிறந்த ஆண்மகன் உயிரோடு இல்லை.

இரண்டு தலைமுறைகள், இரண்டிலும் மாமன் இருக்கவேண்டிய இடத்தில் பங்காளி. நோட்டை விரித்தபடி அம்மாவின் முன்னால் வைத்தோம். அவர் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார்.

அம்மாவின் தம்பி இறந்தது காய்ச்சலால் அல்ல. 1966இல், பதினோரு வயதில், கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. இரத்தம் நிற்கவில்லை. படிகாரம் வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள், மந்திரித்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டான். அதற்கு முன்பே பல மாதங்கள் கால் வீங்கிக் கிடந்தவன்தான். அம்மிச்சிக்கு இரண்டு தம்பிகள். மூத்தவனுக்குக் காது குத்திய புண்ணில் இரத்தம் வடிந்துகொண்டே இருந்து மடிந்தான். இளையவன் நொண்டி நொண்டி நடப்பான். இருபது சொச்சம் வயதில் கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்து தலையில் காயமின்றியே இறந்தான். மிளகாய்க் காட்டில் பழம் பறிக்க விட்டால் காயையும் சேர்த்துப் பறித்துவிடுகிறான் என்று ஊரே கேலி செய்தது அவனைத்தான். பிறகு அம்மாவின் தம்பியும் அப்படியே செய்யவே, ‘மாமன் புத்தி’ என்று சிரித்தார்கள்.

இவற்றையெல்லாம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டோம். தம்பி இறந்தபோது அம்மிச்சியின் மாமியார், ‘பிறந்த வீட்டுக் கன்னிமார் குற்றத்தைக் கொண்டுவந்து எங்க வம்சத்துல சேர்த்துட்டா’ என்றாராம். பின்பு அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்கையில், கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் எனக் குடும்பம் கூடி முடிவெடுத்தது. ஐந்து ஆண்டுகளில் அது உண்மையாகவே ஆகிவிட்டது. “எனக்கே காய்ச்சல்னுதாங் கண்ணு ஞாபகத்துல நின்னுது” என்றார் அம்மா.

நாங்கள் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் வரையத் தொடங்கினோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்குக் கறுப்பு. முதலில் எங்களுக்கு வரைய வந்தது நாங்கள் அறிந்த வம்சாவளி முறைதான்: மேலே முப்பாட்டன், கீழே மகன், அதன் கீழே பேரன். கூட்டத்தின் பெயரும் குலதெய்வமும் அந்த வழியில்தான் இறங்குகின்றன. ஏழு தலைமுறை ஆண்களை அப்பா வழியில் எங்களால் எழுத முடிந்தது. அவர்களில் ஒரு சதுரம்கூடக் கறுப்பில்லை. தாளைத் திருப்பி அம்மா வழியில் எழுதினால் பூட்டிக்கு மேலே பெயரே தெரியவில்லை. பூட்டியின் பெயர்கூட இரண்டு நாள் கழித்துத்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது. பூட்டி, அம்மிச்சி, அம்மா, இளையவள் என்று நான்கு பெண்கள். நான்கு வீடுகளில் நான்கு கூட்டங்களுக்கு உரியவர்களாகிப் போனவர்கள். ஒவ்வொரு சாவும் வெவ்வேறு கூட்டத்தில், வெவ்வேறு ஊரில், வெவ்வேறு குலதெய்வத்தின் கணக்கில் நிகழ்ந்தது. அதனால்தான் யாருக்கும் அது ஒரே நோயாகத் தெரியவில்லை. ஒரு கூட்டத்துக்குள் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இரத்தத்தைக் காப்பதாக எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்த நோய் அந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சமும் மீறாமல் ஒவ்வொரு தலைமுறையிலும் முறைப்படி சீர் செய்து, பல்லக்கேறி அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது.

இவ்வாறு பெண்வழியை எழுதிப் பார்த்தவர்கள் எங்களுக்கு நெடுங்காலம் முன்பே இருந்திருக்கிறார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் ஓட்டோ என்ற மருத்துவர் 1803இல், இரத்தம் நிற்காமல் இறக்கும் ஆண்கள் மலிந்த குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் அந்த நோயைப் பின்தொடர்ந்து, எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் நியூ ஹாம்ப்ஷயரில் பிளிமத் அருகே குடியேறிய ஸ்மித் என்ற பெண்ணிடம் போய் நின்றார். ஆண்களே நோயுறுகிறார்கள், நோயில்லாத பெண்களே அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துகிறார்கள் என்று குரோமோசோம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் அவர் எழுதிவிட்டார். விக்டோரியா மகாராணி குடும்பத்தின் கதையை எல்லோரும் அறிவர், அதை விட்டுவிடலாம்.

எங்களை அதிகம் வியக்கவைத்தது 1937இல் ஜூலியா பெல்லும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் சேர்ந்து எழுதிய ஆய்வு. ஹீமோபீலியாவும் நிறக்குருடும் சேர்ந்தே காணப்படும் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, இரண்டின் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள். மனிதரில் இத்தகைய மரபணுப் பிணைப்பு முதன்முதலாக அளவிட்டுக் காட்டப்பட்டது அப்போதுதான். எட்டாம் காரணிக்கான மரபணுவும் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கரத்தின் நுனியில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பது இன்று தெரிந்த செய்தி. ஹால்டேன் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். மிளகாய்க் காட்டுக் கேலியை அவரிடம் சொல்லியிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டிருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிறக்குருடு தனியாகவே பல குடும்பங்களில் உண்டு. சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கத் தெரியவில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கெல்லாம் இரத்தம் உறையாது என்று எண்ணிவிடக் கூடாது. ஹீமோபீலியா உள்ள மிகப் பெரும்பாலான குடும்பங்களில் நிறக்குருடு இல்லை. எங்கள் பூட்டியிடம் இரண்டும் ஒரே எக்ஸில் அமைந்திருந்தன, அவ்வளவே. அருகிலிருப்பவையாதலால் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கின. இரத்தத்தைப் பற்றிய பேச்சைக் குடும்பம் விழுங்கிவிட்டது. மிளகாயைப் பற்றிய பேச்சில் விழுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவைத்தது.

பையனின் மரபணுவைச் சோதித்ததில், கடுமையான ஹீமோபீலியா உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படும் தலைகீழ் மாற்றம் தெரிந்தது. அந்த மரபணுவின் ஒரு பகுதி திரும்பிக்கொண்டு கிடக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பின் மற்றவர்களிடம் தேடுவது எளிது. (எட்டாம் காரணியின் அளவை மட்டும் பார்த்து ஒரு பெண் சுமப்பவளா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது, அளவு சரியாக இருந்தும் சுமப்பவர்கள் உண்டு. மூத்தவளின் அளவு சரியாகவே இருந்தது, அதை நம்பி ஒரு மாதம் நன்றாகத் தூங்கினாள்.) அம்மா, மூத்தவள், இளையவள் மூவரின் இரத்தமும் ஒரே நாளில் எடுக்கப்பட்டது. அம்மாவுக்கு உண்டு. இளையவளுக்கு உண்டு. மூத்தவளுக்கு இல்லை.

அறிக்கைகள் மூன்றும் ஒரே உறையில் இருந்தன. திரும்பி வரும் பேருந்தில் நாங்கள் அருகருகே அமர்ந்திருந்தோம். பல்லடம் தாண்டும்வரை பேச்சில்லை. மூத்தவளுக்குத் தன் மகளின் முகம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். இளையவள்தான், “பாப்பாவுக்கு ஒண்ணுமில்லைல்ல, அது போதும்க்கா” என்றாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

பையனுக்கு இப்போது பதினைந்து வயது. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஃபேக்டர் ஊசியைத் தானே நரம்பில் போட்டுக்கொள்கிறான். முழங்கால் முழுதாக மடங்காது. 2024 டிசம்பரில், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கடும் ஹீமோபீலியா உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய குருத்தணுக்களிலேயே எட்டாம் காரணியின் மரபணுவைச் செலுத்திய சிகிச்சைக்குப் பின் ஒருவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை என்ற செய்தி வந்தது. அந்த ஐவரின் வயது 22 முதல் 41 வரை. அவன் விரல் விட்டு எண்ணி, “இன்னும் எட்டு வருசம்” என்றான். தனக்குப் பிறக்கும் மகன்களுக்கு இது வராது, மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள் என்பதையும் அவன் அறிவான். எங்கள் காலண்டர் படத்தில் பிள்ளை பெறும் வயதுவரை வாழப்போகும் முதல் கறுப்புச் சதுரம் அவன்தான்.

படத்தில் ஒரு கிளை மட்டும் வெறுமையாக இருந்தது. அம்மிச்சிக்கு ஒரு தங்கை உண்டு. தாராபுரத்துக்குத் தெற்கே கட்டிக்கொடுத்தவர். போக்குவரத்து நின்று முப்பது ஆண்டுகள். அவர்களின் ஊரும் பெயரும் மொய் நோட்டில் இருந்தன. சொல்ல வேண்டும் என்றாள் மூத்தவள். வேண்டாம் என்றாள் இளையவள். “பழி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுக்கா. நாம போய்ச் சொன்னா, அந்த வீட்டுப் பொண்ணுக எல்லாத்துக்கும் நாமே எழுதி வெச்ச மாதிரி.” இந்த ஒரு விஷயத்தில் ஓராண்டுக்கு மேல் நாங்கள் இருவராகவே இருந்தோம். சென்ற ஐப்பசியில், மொய் ஒன்றைத் திருப்பிச் செய்யவேண்டிய சாக்கில் கிளம்பினோம், முடிவெடுத்தது இளையவள்.

சின்ன அம்மிச்சி இல்லை. அவர் மகள், எங்களுக்குச் சின்னம்மா முறை, இருந்தார். நாங்கள் சுற்றி வளைத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அந்த மாதிரியெல்லாம் எங்க வீட்டுல ஒண்ணுமில்லீங் கண்ணு” என்றார். பேச்சை மாற்றுவதுபோல இளையவள் தன் மகன் துணி அடுக்கிய கதையைச் சொன்னாள். சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார். “எங்கண்ணனும் அப்படித்தான். பச்சைச் சேலை எடுத்துட்டு வாடான்னா காவி நெறத்துல எடுத்துட்டு வந்து நிப்பான்.” அந்த அண்ணன் எங்கே என்று கேட்டோம். பதினெட்டு வயதில் வயிற்றுவலி வந்து மூன்றே நாளில் போய்விட்டாராம். சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். அம்மாவைப் போலவே அவருக்கும் சிரிப்பு பாதியில் நின்றது.

சின்னம்மாவின் மகள்வழிப் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “தை கழியட்டும் கண்ணு. அப்புறமா நானே சொல்றேன்” என்று எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமலே, “பெரியம்மா, அந்த டெஸ்ட்டை எந்த ஊர்லீங் எடுக்கறாங்க?” என்று கேட்டாள். சொன்னோம். அலைபேசியில் எழுதிக்கொண்டாள். எவ்வளவு செலவாகும், முடிவு வர எத்தனை நாளாகும், கூட யாராவது வர வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கூட நான் வருகிறேன் என்றாள் இளையவள். திருப்பூர் பேருந்து வந்துவிட்டது.